பெர்பெத் அக்காவின் இடது சக்கரம்

அன்று காலை நான் முதலில் கவனித்தது டயர் தடத்தைத்தான். கடற்கரை மணல் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், ஜீப் ஏறிப்போன தடம் ஒரே கோடாகப் போயிருந்தது. மற்ற நாட்களில் அங்கே தடத்தின் மேல் தடம் கிடக்கும். பெர்பெத் அக்கா மணலை விட்டுச் சாலையில் ஏறியதும் வண்டியை நிறுத்துவார். நேராக இரண்டு பாகம், ஒரு பன்னிரண்டு அடி, பின்னால் வருவார். பின் சக்கரங்கள் திரும்பவும் மணலைத் தொடும். அதற்குப் பிறகுதான் முன்னால் போவார். அன்று அந்த இடத்தில் யாரும் பின்னால் வரவில்லை.

ஓட்டியது அக்கா இல்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது ஏன் என்று தெரியவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த கிளாரன்ஸ் மாமா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வலையைக் கீழே போட்டார்.

"ஏளா, ஒங்க அக்காவுக்கு நெஞ்சு வலி. இங்கன நின்னு கயிறு கட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே உக்காந்துட்டா. சேவியர் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிருக்கான்."

மதியத்துக்கு முன்பே கோயிலில் துக்க மணி அடித்தது. அக்கா ஆம்புலன்சில் வந்தார். அதற்குப் பின்னால் எங்கள் ஜீப் வந்தது. தெரு முழுக்க அழுகைச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளும் என் காதில் தனியாக விழுந்தது இடது முன்சக்கரத்தின் முனகல். அந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் பூட்டு இன்னும் விடவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்காவின் தம்பி சேவியர் அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி, தன்னைத் தாங்கிப் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "வண்டி முன்னால பிடிச்சு இழுத்துச்சு. முனகிக்கிட்டே வந்துச்சு. இல்லன்னா நேரத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்திருப்பேன். எனக்கு அந்த வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாமப் போச்சு." அன்று நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டீர்கள். எங்கே அவரைப் பார்த்தாலும் பிறகும் அதைத்தான் சொன்னார்.

இறந்த முப்பதாம் நாள் வைக்கும் மாதப் பூசை முடிந்ததும் வாசிக்க அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தா என்று கோயில் சிஸ்டர் என்னிடம் கேட்டார்கள். அக்காவோடு அதிகம் இருந்தவள் நான்தானாம். எழுதுவேன், வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பள்ளியில் பதில் தெரிந்தால்கூடக் கை தூக்க மாட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பள்ளியை விட்டது எனக்குப் பெரிய துக்கமாக இருக்கவில்லை. அதனால் இதை வேறு யாராவது வாசித்துவிடுங்கள். நான் பின்வரிசையில் இருப்பேன்.

அந்த ஜீப்பை உங்களுக்குத் தெரியும். வள்ளங்களைக் கரையேற்றியது அது. மீன் பெட்டிகளை ஏலக்கூடத்துக்கும், மீன் விற்கும் அம்மாக்களைத் திருச்செந்தூர் சந்தைக்கும் கொண்டுபோனதும் அதுதான். ஆனால் அதன் முன்சக்கரங்களைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் ஒரு டப்பா மூடியைப் போல உருண்டையாக ஒன்று இருக்கிறது. அதை ஹப் என்பார்கள். மணலில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை வேண்டும்போது ஓட்டுகிறவர் கியருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன லிவரை மாற்றி மெதுவாக நகர்த்துவார். ஹப்புக்குள் இருக்கும் பூட்டு தானாகவே விழுந்து சக்கரத்தை அச்சோடு சேர்த்துக்கொள்ளும். சாலைக்கு வந்ததும் லிவரைத் திரும்ப மாற்றினால் மட்டும் போதாது. நேராகக் கொஞ்ச தூரம் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் பூட்டு விடும். விடும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும்.

அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்காது. சின்ன வயதிலேயே இடது காது மந்தமாகிவிட்டதாம். ஓட்டுகிறவர் இருக்கை வலது பக்கம். இடது சக்கரம் இருப்பது கேட்காத காதின் பக்கம். நான் அவரிடம் வந்து சேர்ந்ததே அதனால்தான்.

ஏலக்கூடத்தில் நான் சாளை மீன் பிரித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருந்த அம்மாக்கள் என்னைப் பேச வைக்கப் பார்ப்பார்கள். நான் பேசாவிட்டால் ஊமச்சி என்று சிரிப்பார்கள். ஒரு நாள் பெர்பெத் அக்கா பெட்டி ஏற்ற வந்தவர் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏளா, நீ பேச மாட்டியா, பேசத் தெரியாதா?"

தலையை ஆட்டினேன்.

"ரெண்டுல எதுக்கு ஆட்டுத?" என்று கேட்டு அவரே சிரித்தார். "சரி, காது கேக்குமா?"

கேட்கும் என்று தலையசைத்தேன்.

"அது போதும். என்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதான். வண்டில ஏறு."

சாலைக்கு வந்ததும் என்னை இறக்கி இடது சக்கரத்தின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். சத்தம் வந்தால் சொல் என்றார். பின்னால் வந்தார். சத்தம் வந்தது. "அக்கா, வந்துட்டு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல் அது. வண்டி நிற்கவில்லை. மணலில் இறங்கி, அடுக்கி வைத்திருந்த காலிப் பெட்டிகளில் இடித்துத்தான் நின்றது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னளா, மெட்ராஸ் வரைக்கும் பின்னாலயே போவச் சொல்லுதியா?"

இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார். எனக்கு வரவில்லை. இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். "சரி விடு. கத்த வேண்டாம். சத்தம் வந்தா கையத் தூக்கு. நான் ஒன்னத்தான் பாத்துக்கிட்டே வருவேன்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அக்கா கண்ணாடியைப் பார்க்க மாட்டார். என் கையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார். நான் கையைத் தூக்கியதும் நிறுத்தி, கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஏறிக்கொள் என்று அர்த்தம்.

ஆடி மாதத்தில் கடல் ஏறி வந்த ஒரு காலை நினைவுக்கு வருகிறது. வள்ளம் ஒன்றை இழுக்கும்போது ஜீப் அச்சு வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. அலை டயரைத் தொட்டது. அந்த வள்ளத்துப் பையன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "அக்கா, ஒங்க வண்டியில கயிறு கட்டி நாங்க வள்ளத்த வச்சு இழுக்கட்டுமா?" என்று ஒருவன் கேட்டான்.

"இழு லே. போன வாரம் ஒன் வள்ளம் மணல்ல நட்டுக்கிட்டு நின்னப்ப ஒங்க அப்பன் யாரக் கூப்பிட்டாருன்னு கேட்டுட்டு வந்து இழு" என்றார் அக்கா. மற்ற பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எல்லோரும் ஆக்சிலேட்டரை மிதி, மிதி என்று கத்தினார்கள். அக்கா இன்ஜினையே நிறுத்திவிட்டார். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது இவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். "மண்ணுட்டக் கோவப்படப்படாதுளா. நம்ம கோவத்தத் தின்னுதான் அது நம்மள உள்ள இழுக்கும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். திரும்ப இன்ஜினைப் போட்டு மெதுவாக நகர்த்தியபோதுதான் நான் பார்த்தேன். பின் சக்கரங்கள் மட்டும் மண்ணை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் இரண்டும் சுற்றவே இல்லை. கையை நீட்டிக் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டே விழலயா? அப்ப இவ்வளவு நேரம் பாதி வண்டியத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தனா?" என்றார். கடைசியில் சிரித்த பையன்கள்தான் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

அந்த ஹப் சில நாள் மணலில் பூட்டாது. சில நாள் சாலையில் விடாது. எப்போது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாமல் ஆனது. திருச்செந்தூரில் ஒரு மெக்கானிக் கேட்டுவிட்டு, ஹப் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்றார். அக்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். "போச்சா, ஒட்டிக்கிச்சான்னு பாக்காம எதையும் தூக்கிப் போடப்படாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மனிதர்களைப் பற்றியும் அவர் இதையே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

வலைக்கொட்டகை நிழலில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினோம். லிவர் இரண்டு சக்கரத்துக்கான நிலையில் இருந்தது. நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். அக்கா சக்கரத்தைக் கையால் சுற்றினார். பூட்டு விட்டிருந்தால் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும், உள்ளே அச்சு அசையக் கூடாது. வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கத்தில் சக்கரத்தோடு அச்சும் சேர்ந்து சுற்றியது. கையை வெளியே நீட்டிக் காட்டினேன். "பிடிபட்டான் கள்ளன்" என்றார் அக்கா.

போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தால், உள்ளே கருப்புக் கிரீஸ் கட்டியாக அடைந்திருந்தது. பொடி மணலும் அதில் கலந்திருந்தது. ஸ்பிரிங்கும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளும் அதற்குள் புதைந்து கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைத்தோம். திரும்பப் போடும்போது பார்த்தால் கிரீஸ் டப்பா காலி. அன்று கோயில் திருவிழா, கடை கிடையாது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை நான் ஒரு விரலால் வழித்து மெல்லிசாகத் தடவிப் பூட்டினேன். மறுநாள் மணலில் சரியாகப் பூட்டியது. சாலையில் 'டக்' என்று தெளிவாக விட்டது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். என் கன்னம் மண்ணெண்ணெய் மணத்தது.

சில நாளில் அவர் புது டப்பா வாங்கிவந்து கை நிறைய அள்ளி உள்ளே அப்பினார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. கழுவினோம். அவர் மறுபடி அப்பினார். மறுபடி ஒட்டியது. மூன்றாவது முறை டப்பாவைத் திறக்கும்போது நான் அவர் கையைப் பிடித்தேன்.

"கிரீஸ்தான் அக்கா."

"என்னது?"

வலது காதின் பக்கமாகப் போய்ச் சொன்னேன். "கிரீஸ் வச்சாத்தான் ஒட்டுது. அன்னைக்கு டப்பா காலியா இருந்துச்சுல்ல? அப்ப ஒட்டல."

அக்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏளா, ஒனக்கு வாயி இருக்கா! இத்தன நாளு பொத்தி வச்சிருந்து, தொறந்ததும் எம்மேலயே குத்தம் சொல்லுதியே" என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "உப்புக்காத்துல இரும்ப அம்மணமா விடச் சொல்லுத. எங்க அப்பா கேட்டிருந்தா ரெண்டு பேரையும் கடல்ல தூக்கிப் போட்டிருப்பாரு."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் கரையில் கிரீஸ் பூசாத இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. வள்ளத்து இன்ஜின், கப்பி, நங்கூரம் மாட்டும் கொளுவி, வீட்டுக் கேட்டின் கீல் வரைக்கும் நாம் அப்பித்தான் வைக்கிறோம். யாராக இருந்தாலும் அந்த மூடியைத் திறந்ததும் அள்ளித்தான் வைப்போம். ஆனால் ஹப்புக்குள் இருப்பவை லேசாக நகர வேண்டியவை. கிரீஸ் கெட்டியாக இருந்தால் ஸ்பிரிங் தள்ளினாலும் அவை நகராது. சக்கரத்தின் பேரிங்குக்குத்தான் அவ்வளவு கிரீஸ் வேண்டும், பூட்டுக்கு வேண்டாம். இதை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்று அக்காவை ஒப்புக்கொள்ள வைப்பது சுலபமாக இல்லை.

ஒப்புக்கொண்ட பிறகு ஊர் முழுக்கச் சொன்னார். ஏலக்கூடத்தில் என்னை இழுத்து நிறுத்தி, "இவதான் கண்டுபிடிச்சா. நான் அப்புனேன், இவ தொடச்சா" என்று சிரித்தார். என்னை ஊமச்சி என்றவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனால் சொன்னாரே தவிர, அவரால் விட முடியவில்லை. நான் இல்லாத நேரம் பார்த்து மூடியைக் கழற்றி ஒரு கை வைத்துவிடுவார். நான் வரும்போது விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருப்பார். "வெளியதான்ளா தடவுனேன்" என்பார். நான் ஒன்றும் சொல்லாமல் மண்ணெண்ணெய் எடுக்கப் போவேன். "போ, போ, போலீசு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும்.

இவ்வளவும் வண்டியைப் பற்றியதாகவே இருக்கிறது என்று சிஸ்டர் சொல்லலாம். அக்காவோடு எனக்கு வாய்த்ததெல்லாம் வண்டியைச் சுற்றித்தான். சந்தையிலிருந்து காலிப் பெட்டிகளோடு திரும்பும்போது, ஆலந்தலை தாண்டிக் கடல் தெரியும் வளைவில் நிறுத்துவார். தூத்துக்குடி போகிறவர்களிடம் சொல்லி வாங்கிய உடைந்த முந்திரி மக்ரூன் ஒரு பொட்டலம் எப்போதும் வண்டியில் இருக்கும். முழுசாக இருப்பதைவிட உடைந்ததுதான் ருசி என்பார். கரைமேட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாலும், அவர் எழுந்து எனக்கு இடது பக்கமாக வந்து உட்காருவார். அவருடைய கேட்கிற காது என் பக்கம் இருப்பதற்காக. நான் பெரும்பாலும் ஒன்றுமே பேச மாட்டேன். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் எழுந்து வந்து பக்கம் மாறித்தான் உட்காருவார். பேசாத பிள்ளையின் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். இப்போதும் எங்காவது உட்கார்ந்தால் இடது பக்கம் இடம் விட்டே உட்காருகிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு ஜீப் வலைக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. அம்மாக்கள் மீன் கூடைகளைத் தலையில் சுமந்து பஸ்ஸுக்குப் போனார்கள். வள்ளங்களை ஆள் பிடித்து இழுத்தார்கள். சேவியர் அண்ணன் அந்தப் பக்கம் போவதே இல்லை. தருவைகுளத்திலிருந்து பழைய வண்டி வாங்கும் ஒருவர் வந்து பார்க்கப்போகிறார், பிரித்து எடுத்துக்கொள்வாராம் என்று என் அம்மா வந்து சொன்னார்கள். அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் நான் சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் தூண்டில் நரம்பைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜாக்கி வேணும்."

"எதுக்கு?"

"இடது சக்கரத்தப் பாக்கணும்."

"நாளைக்கு அவன் வாரான். எப்படிக் கெடக்கோ அப்படியே கொண்டு போவட்டும். அந்தச் சத்தத்த இனிமே நான் கேக்க முடியாது. நீ வீட்டுக்குப் போளா."

நான் போகவில்லை. பேசாமல் நிற்பது எனக்குச் சுலபம். நின்றேன். அவர் சிக்கு எடுத்த நரம்பு திரும்பச் சிக்கானது. அவர் எழுந்து போய் ஜாக்கியையும் போல்ட் கழற்றும் சாவிகளையும் கொண்டுவந்து கீழே வைத்தார். வேண்டாவெறுப்பாகப் பின்னாலேயே வந்து, வண்டியிலிருந்து தள்ளி மணலில் நின்றுகொண்டார்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். அச்சும் சேர்ந்து சுற்றியது. போல்ட்டுகளைக் கழற்றினேன். மூடி உடனே வரவில்லை. அசைத்து இழுத்தபோது உறிஞ்சும் சத்தத்தோடு கையில் வந்தது. உள்ளே நிறையக் கிரீஸ். புதுக் கிரீஸ், நிறம்கூட மாறவில்லை. பூட்டு முழுவதும் அதற்குள் முங்கிக் கிடந்தது. நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் குழிவில் மூன்று விரல் இழுத்த தடம் இருந்தது. நடுத் தடம் மட்டும் அகலம். அக்காவின் நடுவிரல் நுனி ஒருமுறை கயிற்றில் மாட்டிச் சப்பையாகிப் போயிருந்தது உங்களுக்குத் தெரியும்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சேவியர் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"என்னளா?"

நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது அவ கையா?"

"ம்."

"எப்ப வச்சா?"

"கடைசியா நான் தொடச்சதுக்கு அப்புறம்தான். எப்பன்னு தெரியாதுண்ணே."

"நீ வேண்டாம்னு சொன்னன்னு அவதான ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா?"

"கேக்க மாட்டாங்க."

பிறகு நான் பேசினேன். அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. "அண்ணே, பூட்டு விடலன்னா வண்டி முனகும். முன்னால கொஞ்சம் கனக்கும். ஆனா நிக்காது, வேகமும் கொறையாது. அக்காவும் நானும் எத்தன நாளு அந்தச் சத்தத்தோடயே திருச்செந்தூரு போயிருக்கோம். அன்னைக்கு நீங்க பிந்தல. ஒட்டிக்கிட்டதும் ஒங்களால இல்ல. நீங்க பின்னால வந்திருந்தாலும் பூட்டு விட்டிருக்காது. இந்தக் கிரீஸ் இருக்குல்ல, இதால."

அவர் மூடியைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். பிறகு, "லூசுப் பொம்பள. கடேசி வரைக்கும் திருந்தல பாரு" என்றார். சிரிப்பாகத்தான் தொடங்கினார். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அழுகை நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இந்த மூடிய மட்டும் இப்படியே வச்சு மூட முடியாதாளா? தொடைக்காம?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கையால் வைத்தது இனிமேல் எங்கேயும் கிடைக்காது. அவர் போட்டுக்கொடுத்த கயிற்று முடிச்சுகள்கூட வேலையில் அவிழ்ந்துவிட்டன. ஆனால் வண்டி ஓடினால் ஹப் சூடாகும். இந்தக் கிரீஸ் இளகி உள்ளே இறங்கும். அக்காவின் விரல் தடத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அக்காவின் வண்டி நிற்க வேண்டும்.

"உருகி உள்ள எறங்கிரும்ணே" என்றேன்.

துணியை மண்ணெண்ணெயில் நனைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் துடைத்தேன்.

மீதியை அவரும் சேர்ந்து கழுவினார். ஸ்பிரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். காய்ந்ததும் ஒரு விரலால் தடவினேன். என் விரல் தடம்கூடப் பதியாத அளவுக்கு மெல்லிசாக. போல்ட்டுகளை முறுக்கி ஜாக்கியை இறக்கினோம். தருவைகுளத்துக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். "ரோட்டுல ஏறி, அது விடுதான்னு பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார்.

மணலில் இறக்கி லிவரை மாற்றினார். கிளாரன்ஸ் மாமாவின் வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்தோம். முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணைக் கவ்வின. வள்ளம் ஏறியது. மீன் கூடையோடு நின்ற அம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அக்காவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒரு பொருளும் நான் கேட்டு வாங்கவில்லை. அவர் என்னிடம் விட்டுப்போனது ஓர் இடம். சாலை தொடங்குகிற இடத்தில், இடது முன்சக்கரத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி நான் நிற்கிற இடம். அங்கே நின்றால் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே வருவார் என்று எனக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

ஜீப் சாலையில் ஏறி நின்றது. நான் இறங்கிப் போய் அங்கே நின்றேன். சேவியர் அண்ணன் லிவரை மாற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நான் எதப் பாத்து வரணும்?" என்று கேட்டார்.

"என்னயத்தான்."

அவர் பின்னால் வந்தார். ஒரு பாகம் தூரம் கடந்தது. பின் சக்கரங்கள் மணலைத் தொட்டன. இன்ஜின் சத்தம், காற்று, அதற்குப் பின்னால் கடல். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் வந்தார்.

டக்.

நான் கையைத் தூக்கினேன்.